பாடத்துணைச் செயல்களின் வரலாறு: பிம்ப்ரி வட்டாரமும் தமிழகமும்

பள்ளி மாணவர்க்கு விளையாட்டு, நாடகம், சொற்போட்டி, கைத்தொழில், தொண்டுப்பணி ஆகியன வேண்டுமா என்னும் வினாவை இன்று எவரும் எழுப்புவதில்லை. வேண்டும் என்பதே எல்லாருடைய விடையும். ஆயினும் காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது அவற்றிற்குரிய பாடவேளையே. கொள்கையளவில் எல்லாரும் ஒப்பும் ஒன்று நடைமுறையில் ஏன் நிலைபெறவில்லை? கல்வியியலார் இதற்கு உளவியல் நோக்கில் விடை கூறுவர். இக்கட்டுரை வரலாற்று நோக்கில் விடை தேட முயல்கிறது. புனே நகரை ஒட்டிய பிம்ப்ரி – சிஞ்ச்வடு வட்டாரமும் தமிழகமும் இதற்குரிய களங்களாகக் கொள்ளப்படுகின்றன. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. பிம்ப்ரி, தொழில் தேடிச் சென்ற தமிழர் வாழும் நகரங்களுள் ஒன்று. மேலும், கல்வி வரலாற்றில் இவ்விரு பகுதிகளும் எதிர்பாரா இடங்களில் ஒன்றையொன்று தொட்டுச் சென்றுள்ளன.

சொல்லும் பொருளும்

தமிழில் இச்செயல்களைச் சுட்டும் கலைச்சொல் இன்றும் ஒருநிலைப்படவில்லை. பாடப்புறச் செயல்கள், பாடத்துணைச் செயல்கள், கல்வி இணைச் செயல்பாடுகள் என மூவகை வழக்குகள் காணப்படுகின்றன. 'புறம்' என்பது வெளியே நிறுத்துகிறது. 'துணை' என்பது பக்கத்தில் வைக்கிறது. 'இணை' என்பது ஒப்ப வைக்கிறது. மராத்தியிலும் இதே தடுமாற்றம் உண்டு. 'அப்யாசேதர்' என்னும் சொல் படிப்பிற்கு வேறானது எனப் பொருள்படும். 'சஹசாலேய உபக்ரம்' என்பது பள்ளியோடு உடன்செல்லும் முயற்சி எனப் பொருள்படும். இருமொழிகளிலும் காலப்போக்கில் 'புறம்' தேய்ந்து 'உடன்' வளர்ந்தது. சொல் மாறிய அளவிற்கு நிலை மாறிற்றா என்பதே ஆய்வுக்குரியது.

இலக்கியத்தில் விளையாட்டிற்கு இருந்த மதிப்பைத் தமிழறிஞர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிள்ளைத்தமிழ், குழந்தையின் வளர்ச்சியையே பருவங்களாகப் பகுத்து, அவற்றுள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் ஆகியவற்றை ஆண்பாற்கும், அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவற்றைப் பெண்பாற்கும் வைத்தது. ஆனால் இலக்கியம் போற்றிய இவ்விளையாட்டு, திண்ணைப் பள்ளிக்குள் நுழையவில்லை. அங்கு ஆட்சி செலுத்தியவை மணலும் ஓலையும் எண்சுவடியும் மனப்பாடமுமே. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' அப்பள்ளிகளின் நடைமுறையை உள்ளிருந்து காட்டும் சிறந்த சான்றாகும். நவராத்திரிக் காலத்தில் மட்டும் மாணவர்கள் கோலாட்டம் அடித்துப் பாடி வீடுதோறும் சென்று ஆசிரியர்க்குப் பரிசில் பெற்றுத் தந்தனர். திண்ணைப் பள்ளியின் பாடத்துணைச் செயல் என ஒன்றைச் சொல்வதாயின் இதனையே சொல்லலாம். அதுவும் மாணவர் நலத்தைவிட ஆசிரியர் வருவாயை நோக்கியதே எனினும், பள்ளி ஊரைச் சந்தித்த இடம் அதுவாக இருந்தது என்பது குறிக்கத்தக்கது.

1848: இரண்டு தொடக்கங்கள்

1848ஆம் ஆண்டில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் புனேயில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். அதே ஆண்டில் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நோக்கத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு திசைகளில் நின்றவை. முன்னது சாதி, பால் வேறுபாட்டை உடைக்க எழுந்தது. பின்னது சமயம் காக்க எழுந்தது. எனினும், வகுப்பறைக்கு வெளியே பெற்ற பயிற்சி ஒன்று இரண்டிற்கும் பின்புலமாக இருந்தது.

நாவலர் யாழ்ப்பாண வெசுலியன் மிசன் பள்ளியில் பயின்று, அங்கேயே பீட்டர் பெர்சிவலுக்குத் துணையாகப் பணியாற்றியவர். பாதிரிமாரின் சொற்பொழிவு முறையை அருகிருந்து கண்டவர். 1847 திசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். செய்யுளுக்கு உரை சொல்லும் புராணப் படன மரபிலிருந்து விலகி, பொருளொன்றை எடுத்துக்கொண்டு கூடியிருந்தோரை நோக்கி உரைநடையில் பேசுதல் என்னும் வடிவம் தமிழில் வேர்கொண்ட நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. பின்னாளில் மேடைத்தமிழ் அடைந்த பேருருவை நினைத்தால், மிசன் பள்ளிச் சூழலில் பாடநூலாக இல்லாத ஒரு திறன் ஒரு மொழியின் பொதுவாழ்வையே மாற்றியதை உணரலாம். பள்ளிகளில் வெள்ளிதோறும் கூடிய தமிழ் இலக்கிய மன்றங்கள் இம்மரபின் வழிவந்தனவே.

புலேயின் பின்புலமோ தாலீம் எனப்படும் உடற்பயிற்சிக் கூடம். புனேயில் லகுஜி சாள்வே நடத்திய தாலீமில் சாதி கடந்து இளைஞர் மற்பயிற்சி பெற்றனர். புலேயும் அங்குப் பழகியவர். அவர்தம் பள்ளிகளுக்கு எதிர்ப்பு எழுந்தபோது லகுஜி துணைநின்றார். ஒடுக்கப்பட்டோர்க்குக் கல்விக்கு முன்னரே கிடைத்த பொதுவெளி தாலீமே எனலாம்.

1882இல் ஹண்டர் கல்விக்குழுவிடம் புலே அளித்த விண்ணப்பம் நம் பொருளுக்கு இன்றியமையாதது. சிற்றூர்ப் பள்ளிகளில் எழுத்து, கணக்கு, வரலாறு, புவியியல் ஆகியவற்றோடு வேளாண்மை அறிவும் நலவாழ்வு பற்றிய பாடமும் வேண்டும் என்றார். நேரில் செய்து பழக மாதிரிப் பண்ணைகள் பயன் தரும் என்றும் கருதினார். செயல்வழிக் கற்றலுக்கான இக்குரல் அரண்மனையிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ எழாமல் உழவர் சார்பில் எழுந்தது. உழவரின் பிள்ளை உழவனாகவே இருக்க வேண்டும் என்பதற்காக அவர் இதனைக் கேட்கவில்லை; எழுத்தும் கணக்கும் முதலில் வேண்டும் என்றே கேட்டார். இவ்வேறுபாடு பின்னர் தேவைப்படும்.

அதே ஹண்டர் குழு, பள்ளிகளில் உள்நாட்டு விளையாட்டுகள், உடற்பயிற்சி, அணிநடைப் பயிற்சி ஆகியவற்றை ஊக்குவிக்கப் பரிந்துரைத்தது. பள்ளி விளையாட்டு அரசின் ஆவணத்தில் இடம்பெற்ற தொடக்கக் கட்டம் இது.

சிஞ்ச்வடும் அரசின் அச்சமும்

பிம்ப்ரியை அடுத்துள்ள சிஞ்ச்வடு, மோரயா கோசாவியின் சமாதியால் பெயர்பெற்ற பழைய ஊர். தாமோதர், பாலகிருட்டிணர், வாசுதேவர் ஆகிய சாபேகர் உடன்பிறப்புகளின் ஊரும் இதுவே. 1895ஆம் ஆண்டளவில் அவர்கள் இளைஞர்க்கு உடற்பயிற்சியும் படைப்பயிற்சியும் அளிக்கும் கழகம் ஒன்றை உருவாக்கினர். 1897 சூன் 22 அன்று புனேயில் கொள்ளைநோய் நடவடிக்கை அலுவலர் ராண்ட் சுடப்பட்டார். சாபேகர் உடன்பிறப்புகள் தூக்கிலிடப்பட்டனர். 1918இல் வெளிவந்த ரௌலட் குழு அறிக்கை, இந்தியப் புரட்சி இயக்கத்தின் கதையை இக்கழகத்திலிருந்தும் கணபதி விழாவிலிருந்தும் தொடங்குவது கருதத்தக்கது.

1893இலிருந்து பொதுவிழாவாக வளர்ந்த கணபதி விழாவில் 'மேளா' எனப்பட்ட பாடற்குழுக்கள் தோன்றின. அவற்றில் பங்கேற்றோருள் பள்ளி, கல்லூரி மாணவர் மிகுதி. மராட்டிய வீரர் உடையில், கோல் தட்டி, நிகழ்கால அரசியலையும் பாடிச் சென்றனர். நம் திண்ணைப் பள்ளிச் சிறுவரின் நவராத்திரிக் கோலாட்டமும் இம்மேளாவும் வடிவில் நெருங்கியவை. ஒன்று ஆசிரியர்க்கு அரிசியும் காசும் ஈட்டித் தந்தது. மற்றொன்று அரசைக் கலங்க வைத்தது. வடிவம் ஒன்றாக இருப்பினும் அதனை இயக்கும் சமூகச் சூழலே பயனை முடிவு செய்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. (மேளாக்களுள் சில இசுலாமியர்க்கு எதிரான பாடல்களையும் பரப்பின என்பதை மறைக்க வேண்டியதில்லை. மாணவர் கூட்டுச் செயல் என்பதாலேயே ஒன்று நற்பயன் தரும் என்று கொள்ள இயலாது.)

இதன் விளைவாக அரசு இருவழிகளைக் கையாண்டது. 1907இல் ரிஸ்லி சுற்றறிக்கை வழி மாணவர் அரசியலில் ஈடுபடுவது தடுக்கப்பட்டது. மறுபுறம் மட்டைப்பந்தும் அணிநடையும் ஊக்குவிக்கப்பட்டன. ஆக, பள்ளி விளையாட்டுத் திடல் நம் நாட்டில் உடல்நலத்திற்காக மட்டும் உருவாகவில்லை. மாணவரின் மாலைப்பொழுது யாருக்கு உரியது என்னும் போட்டியிலும் அது வளர்ந்தது.

சாரணர், பக், சடுகுடு

இப்போட்டியின் அடுத்த காட்சி சென்னையில் நிகழ்ந்தது. சாரணர் இயக்கம் 1909இல் இந்தியாவிற்கு வந்தபோது இந்தியச் சிறுவர்க்கு அதில் இடமில்லை. 1917இல் அன்னி பெசன்டு, அருண்டேலின் துணையுடன் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டில்தான் அவர் தன்னாட்சிக் கிளர்ச்சிக்காக உதகையில் காவலில் வைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மதன்மோகன் மாளவியா முதலியோர் அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கத்தைத் தொடங்கினர். பல்வேறு அமைப்புகளாகப் பிரிந்திருந்த இயக்கம் 1950 நவம்பர் 7 அன்றுதான் பாரதச் சாரணர் இயக்கமாக ஒன்றிணைந்தது. முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் கற்பிக்கும் ஓர் இயக்கத்திற்கு இத்துணை அரசியல் வரலாறு இருப்பது வியப்பளிக்கலாம்.

1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அன்று வரை உடற்பயிற்சி ஆசிரியர் பலர் ஓய்வுபெற்ற படைவீரர். கட்டளையிடுதலே அவர்தம் கற்பித்தல். பக் தொடங்கிய நிறுவனம் உடற்கல்வியை ஆசிரியத் தொழிலாக்கியது. 1924இல் புனேயில் சிவராம்பந்து தாம்லே நிறுவிய மகாராட்டிரிய மண்டலம் அதே பணியை உள்நாட்டு மரபில் ஊன்றிச் செய்தது.

உள்நாட்டு விளையாட்டுகள் விதிநூல் பெற்ற வரலாற்றில் புனேயின் பங்கு பெரிது. கோ-கோ விளையாட்டிற்கு 1914இல் அங்கு விதிகள் வகுக்கப்பட்டன. மராத்தியர் 'ஹுதுது' என்றதும் தமிழர் 'சடுகுடு' என்றதும் இன்று கபடி என்னும் பெயரில் ஒன்றாயின. மராத்தியரின் 'ஆட்யா-பாட்யா', தமிழரின் கிளித்தட்டோடு ஒப்புநோக்கத் தக்கது; இரண்டிலும் கோடுகளைக் காப்போரை ஏய்த்துக் கடந்து மீள்வதே ஆட்டம். கபடி என்பது 'கைபிடி' என்பதன் திரிபு எனத் தமிழார்வலர் பலர் எழுதுவர். தமிழகத்து ஊர்களில் விளங்கிய பெயர் சடுகுடுவே ஆதலின், அச்சொல்லாய்வு இன்னும் வலுவான சான்றுகளை வேண்டி நிற்கிறது. எவ்வாறாயினும், தெருவில் ஆளுக்கொரு விதியாக ஆடப்பட்டது பள்ளிக்குள் நுழைவதற்கு அளவுகோலும் விதிநூலும் நடுவரும் தேவைப்பட்டன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி அனுமான் வியாயாம பிரசாரக் மண்டலத்தார் கபடியை அங்கு ஆடிக் காட்டினர். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் அது பதக்க விளையாட்டாயிற்று. இப்பயணத்தில் நாம் இழந்ததும் உண்டு. சடுகுடு ஆடுவோர் பாடிய ஊர்ப் பாடல்கள், 'கபடி கபடி' என்னும் ஒற்றைச் சொல்லுக்கு வழிவிட்டு மறைந்தன. நாட்டார் வழக்காற்றியலார் இவற்றை இன்னும் முழுமையாகத் தொகுத்திலர்.

கைத்தொழிலும் சாதியும்

1937 அக்டோபர் 22, 23 நாள்களில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் தம் ஆதாரக் கல்விக் கொள்கையை முன்வைத்தார். கைத்தொழில் பாடத்திற்குத் துணையாக அன்றிப் பாடத்தின் நடுவே நிற்க வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. சாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. கையும் மூளையும் ஒருங்கே பயில வேண்டும் என்னும் கருத்தில் குறைகாண்பதற்கில்லை. ஆனால் சாதி இறுகிய சமூகத்தில் 'தொழில்' என்னும் சொல் எவ்வாறு பொருள் திரியும் என்பதைச் சென்னை மாகாணம் 1953இல் கண்டது.

அவ்வாண்டு இராசாசி அமைச்சரவை சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் மாணவர் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. இரு முறைகளாகப் பள்ளி நடத்தினால் அதே கட்டடத்திலும் அதே ஆசிரியரைக் கொண்டும் மிகுதியான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் கணக்கு. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என எதிர்த்தனர். எதிர்ப்பு வலுக்கவே திட்டத்தை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் பம்பாயில் இயங்கிய இந்தியக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.வி.பருலேகர். தொடக்கக் கல்வியைப் பரவலாக்கும் வழிகளில் வாழ்நாள் முழுதும் கருத்துச் செலுத்திய அறிஞர் அவர். அக்குழு திட்டம் ஏற்புடையதே என்றது. எனினும் 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

பருலேகர் குழுவின் முடிவை எவ்வாறு மதிப்பிடுவது? கல்வியியல் நோக்கில் அக்குழு கண்டது செயல்வழிக் கற்றலையும் சிக்கனத்தையும். தமிழக மக்கள் கண்டதோ சிரைப்பவர் மகன் கத்தியையும் வண்ணார் மகன் வெள்ளாவியையும் மீண்டும் ஏந்தும் காட்சியை. மக்கள் கண்டதே சரியானது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. செயல் எது என்பதைவிட, அதனைத் தேர்வு செய்யும் உரிமை மாணவனுக்கு உண்டா என்பதே முதன்மையானது. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர்ப் புலே எழுத்தையும் கணக்கையும் முன்வைத்து வேளாண்மையைப் பின்வைத்ததன் நுட்பம் இங்கு விளங்கும்.

மதிப்பெண் என்னும் சிக்கல்

இதே காலத்தில் தமிழர் ஒருவர் தலைமையில் நாடு முழுமைக்குமான பரிந்துரை ஒன்று உருவானது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ.இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக்குழு 1952இல் அமைக்கப்பட்டு 1953இல் அறிக்கை தந்தது. பாடத்துணைச் செயல்கள் பள்ளிக் கல்வியின் பிரிக்கவொண்ணாப் பகுதி என்றும், ஆசிரியர் அனைவரும் இவற்றிற்குக் குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்க வேண்டும் என்றும் அக்குழு கூறியது. பின்னதே அரிய கருத்து. உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் தலையில் எல்லாவற்றையும் சுமத்தும் வழக்கத்தை அது மறுத்தது. அப்பரிந்துரை ஏட்டளவில் நின்றுவிட்டது. இக்கட்டுரையாளர் பயின்ற பள்ளியில் வெள்ளி இறுதிப் பாடவேளை இலக்கிய மன்றத்திற்குரியது. பத்தாம் வகுப்பில் அந்த வேளை முழுதும் கணக்கிற்குப் போயிற்று. வினவுவார் எவருமிலர்.

1964–66 கோத்தாரி கல்விக்குழு பணி அனுபவத்தையும் சமூகத் தொண்டையும் எல்லா நிலைகளிலும் வேண்டியது. அக்குழுவின் செயலராக அமைந்த ஜே.பி.நாயக்கே, பருலேகர் பணியாற்றிய இந்தியக் கல்வி நிறுவனத்தை 1948இல் தோற்றுவித்தவர். அந்நிறுவனம் 1976இல் புனேக்கு இடம்பெயர்ந்தது. 1977இல் ஈசுவர்பாய் பட்டேல் குழு, சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி என்பதை முன்மொழிந்தது. பெயர்கள் மாறின, பாடவேளை மாறவில்லை.

மதிப்பெண் தந்தால் மதிப்பு வரும் என்று கருதி, நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2009இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டை ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியது. பாட இணைச் செயல்களில் பெற்ற தரம், பாடத் தரத்தை உயர்த்தவும் வழிவகுக்கப்பட்டது. விளைவு, பெற்றோர் இரவெல்லாம் விழித்துச் செய்த அட்டை மாதிரிகள். 2017–18இல் அம்முறை கைவிடப்பட்டது. மகாராட்டிர மாநில வாரியம் விளையாட்டு, ஓவியத் தரத் தேர்வு, செவ்வியல் கலை, நாட்டார் கலை ஆகியவற்றிற்குப் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் வழங்குகிறது. இதனால் கலை கற்போர் பெருகினர் என்பர் சிலர். மதிப்பெண் கிட்டியதும் தூரிகையைக் கீழே வைப்போரே பலர் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையாகலாம். அளவிட்டால் செயல் போலியாகிறது. அளவிடாவிட்டால் கணக்கு வகுப்பு அதனை விழுங்குகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, பாடம், பாடத்துணை என்னும் பிரிவே வேண்டாம் என்கிறது. பிரிவை நீக்கினால் விழுங்குதல் எளிதாகுமோ என ஐயுறவும் இடமுண்டு. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022–23 முதல் நடைபெறும் கலைத்திருவிழா, மதிப்பெண்ணை நாடாமல் மேடையை நாடியது. அவ்வகையில் அது முதலியார் குழுவின் நெறிக்கு நெருக்கமானது.

பிம்ப்ரி: தொழில் நகரும் தாய்மொழியும்

மதிப்பெண்ணுக்கு அப்பால் ஒரு முயற்சி நிலைபெற்றதற்குப் புனேயின் ஞானப் பிரபோதினி சான்று. 1962இல் வி.வி.பெண்டசே அதனைத் தொடங்கியபோது அது பள்ளியே அன்று. வெவ்வேறு பள்ளிகளில் பயின்ற மாணவர் பள்ளிநேரம் கடந்து வந்து கூடிய இடம் அது. பள்ளி 1969இல்தான் உருவாயிற்று. பாடத்துணைச் செயல் முன்னும் பாடம் பின்னுமாக வளர்ந்த அரிய நிகழ்வு இது. அந்நிறுவனத்தின் கிளை பிம்ப்ரியை ஒட்டிய நிகடியிலும் இயங்குகிறது. தேர்ந்தெடுத்த மாணவரை வைத்து நடத்திய முயற்சி எல்லார்க்கும் பொருந்துமா என்னும் வினா இதன்மீது நியாயமாகவே எழுப்பப்படுவதாகும்.

பிம்ப்ரியின் பெரும்பகுதி அத்தகைய தெரிவுக்கு உட்படாத மக்களின் நகர். 1947க்குப் பின் சிந்தி ஏதிலியர் முகாம். 1954இல் அரசுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஆண்டிபயாட்டிக்ஸ். அறுபதுகளில் டெல்கோ, பஜாஜ் ஆட்டோ முதலிய ஆலைகள். 1970இல் நகராட்சி, 1982இல் மாநகராட்சி. ஆலை, குடியிருப்பு, பள்ளி, திடல் ஆகியன ஒரே வளாகத்தில் அமைந்த பொதுத்துறைக் குடியிருப்புகளில் பல மொழிப் பிள்ளைகள் ஒன்றாக ஆடினர். திடலில் மொழி தடையாகவில்லை. வகுப்பறையில் நிலைமை வேறு. பம்பாயில் மாநகராட்சி நடத்திய தமிழ்வழிப் பள்ளிகள் தாராவித் தமிழர்க்குக் கிடைத்தன. பிம்ப்ரித் தமிழ்க் குழந்தைக்கோ பெரும்பாலும் மராத்தியோ ஆங்கிலமோதான் பயிற்றுமொழி.

தமிழகத்தில் தமிழ் பாடம், மட்டைப்பந்து துணைச்செயல். பிம்ப்ரித் தமிழ்க் குடும்பத்திலோ தமிழே துணைச்செயல். ஞாயிறு வகுப்பு, பொங்கல் விழா நாடகம், குறள் ஒப்பித்தல் போட்டி ஆகியவற்றின் வழியாகவே எழுத்தும் இலக்கியமும் அடுத்த தலைமுறையை எட்டுகின்றன. 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் (அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம்) சான்றிதழ்ப் படிப்புகளைத் தருவதால் இவ்விடைவெளி ஓரளவு நிரம்புகிறது. ஆயினும் திரை முன் பயிலும் பிள்ளைக்கு உடன் நடிக்கவும் எதிர்த்துப் பேசவும் ஆள் வேண்டுமல்லவா? வெளிமாநிலங்களில் தேவநாகரியில் எழுதிவைத்துக்கொண்டு குறளை ஒப்பிக்கும் சிறுவரை நம்மில் பலர் மேடைகளில் கண்டு முறுவலித்திருப்போம். ழகரத்தை அவ்வெழுத்தில் எவ்வாறு குறித்துக்கொள்கின்றனர் என்று ஆராய்ந்தோர் உளரா என்பது தெரியவில்லை.

இத்தகைய வகுப்புகளும் விழாக்களும் விட்டுச்சென்ற அழைப்பிதழ்கள், போட்டி விதித்தாள்கள், கையெழுத்து நாடகப் படிகள், ஆலைக் குடியிருப்புகளின் மலர்கள் ஆகியன வீடுகளின் பரண்களிலேயே கிடக்கின்றன. ஓய்வுபெற்ற தொழிலாளர் ஊர் திரும்பும்போது அவை பழைய தாளாக எடைக்குப் போகின்றன. தமிழ்த்துறைகள் வெளிமாநிலத் தமிழரிடையே கள ஆய்வு மேற்கொள்ளும்போது பேச்சுவழக்கைப் பதிவு செய்வதோடு இத்தாள்களையும் கேட்டு வாங்க வேண்டும். பிம்ப்ரியில் அறுபதுகளில் வேலைக்குச் சேர்ந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர்.